தெருவுக்கு ஒரு பங்கு

மயிலாப்பூர், மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், புரசைவாக்கம் என்று சென்னையின் எந்தப் பழைய பேட்டைக்குப் போனாலும் இப்போது ஒரே பேச்சுதான். பக்கத்து வீட்டை இடிக்கிறார்கள். இரண்டு குடும்பம் இருந்த மனையில் எட்டுக் குடும்பம் வரப்போகிறது. தெருவில் பாதிப் பேர், "இதற்குமேல் இந்தத் தெரு தாங்காது" என்கிறார்கள். மீதிப் பேர், "அப்படியானால் நாங்கள் எங்கே போய்க் குடியிருப்பது?" என்று கேட்கிறார்கள். முதல் கட்சியில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்தத் தெருவிலேயே தலை நரைத்தவர்கள். இரண்டாவது கட்சியில் அவர்களுடைய பிள்ளைகளே இருப்பார்கள்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வீடுகளின் எண்ணிக்கை கூடுவதா, கூடாதா என்ற ஒரே கேள்வியில் இந்த வழக்கு சிக்கிக்கொண்டிருக்கிறது. கூடும் வீடுகள் எந்த வடிவில் வருகின்றன, அதற்கு ஈடாகத் தெருவுக்கு என்ன கிடைக்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை. தேநீரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கணக்கு வரும். பள்ளிக்கூடத்துப் பெருக்கல், வகுத்தல் போதும்.

எஃப்.எஸ்.ஐ. சொல்வதும் சொல்லாததும்

மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்று சொல்லும் எண்தான் எஃப்.எஸ்.ஐ. ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ. 1.5 என்றால் அதில் 3,600 சதுர அடி கட்டலாம். 2 என்றால் 4,800. சென்னையில் சாதாரணக் குடியிருப்புக் கட்டடங்களுக்கு நெடுங்காலம் 1.5 என்றே இருந்தது. 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தபோது அது 2 ஆனது. கிரவுண்டுக்கு 1,200 சதுர அடி கூடுதல்; அதாவது தாராளமான ஒரு ஃபிளாட்.

இதற்கு மேலும் வேண்டுமென்றால் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. இருக்கிறது. அரசுக்குக் கட்டணம் செலுத்தி வாங்கிக்கொள்ளும் கூடுதல் உரிமை அது. எவ்வளவு வாங்கலாம் என்பது தெருவின் அகலத்தைப் பொறுத்தது. 2019 விதிகள் வைத்த அளவு இது: 9 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்குள் அகலமுள்ள சாலை என்றால் 30 சதவீதம், 12-லிருந்து 18-க்குள் என்றால் 40, 18 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 50. முப்பதடித் தெருவில் இருக்கும் ஒரு கிரவுண்டுக்கு இப்படி 6,240 சதுர அடி வரை போகலாம். அறுபதடிச் சாலையில் 7,200 வரை.

உயரக் கணக்கு தனி. 18.3 மீட்டர், அதாவது சுமார் 60 அடி வரை இருக்கும் கட்டடம் அடுக்குமாடி உயரக் கட்டடங்களின் கடுமையான விதிகளுக்குள் வராது. அதனால்தான் உள்தெருக்களிலும் வண்டி நிறுத்தும் தளம் ஒன்று, அதற்கு மேல் நான்கு, ஐந்து மாடி என்ற உருவம் பரவிக்கொண்டிருக்கிறது.

எஃப்.எஸ்.ஐ. அளவைச் சொல்லும், உருவத்தைச் சொல்லாது. இரண்டு கரண்டி மாவை இழுத்துத் தேய்த்தால் கல் நிறைய தோசை. குவித்து விட்டால் கனத்த ஊத்தப்பம். மாவு அதேதான். ஒரே 4,800 சதுர அடியை மனை முழுக்கப் பரப்பித் தாழ்வாகவும் கட்டலாம், குறுக்கி உயர்த்தியும் கட்டலாம். வெளிச்சமும் காற்றும் மரமும் மழைநீரும் என்னவாகின்றன என்பதை அந்த உருவமே முடிவுசெய்கிறது. அதை ஆள்பவை வேறு விதிகள்: முன்னால் எவ்வளவு விட வேண்டும், பக்கத்தில் எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு இடம், சுவர் எவ்வளவு உயரம். பேட்டைக்காரர்கள் எஃப்.எஸ்.ஐ. எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அவர்களை உண்மையில் வருத்துவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை விதிகள் தரும் உருவம்.

வீடு கூடத்தான் வேண்டும்

"பழைய பேட்டையை அப்படியே விட்டுவிடுங்கள், புதியவர்கள் புறநகருக்குப் போகட்டும்" என்பது கேட்க எளிதான தீர்வு. அதன் விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னையின் பழைய எல்லையான 174 சதுர கிலோமீட்டருக்குள் 46 லட்சம் பேர் இருந்தார்கள். பள்ளி, ஆஸ்பத்திரி, கோயில், சந்தை, பேருந்து, ரயில் எல்லாம் இந்த எல்லைக்குள்தான் செறிந்திருக்கின்றன. இங்கே இடம் தர மறுத்தால் நகரம் வளராமல் நின்றுவிடாது. தாழ்வான நிலத்தையும் ஏரிக் கரையையும் சதுப்பையும் தேடிப் போகும். 2022-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், அதற்குள் தன் நிலத்தில் பெரும்பகுதியை இழந்திருந்தது. 2015 வெள்ளத்தில் தெற்குப் புறநகர்களில் தண்ணீர் புகுந்த வீடுகள் நிறைய, தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் கட்டியவை.

மெட்ரோ ரயிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டம் பனகல் பூங்காவுக்கும் திருமயிலைக்கும் அடியில் நிலையங்களைக் கொண்டுவருகிறது. பொதுப் பணத்தில் பூமியைக் குடைந்து கட்டிய நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் சிலருக்கு மட்டும் வீடு இருக்கும் என்றால், அந்தப் பணத்தின் பயனை ஊர் முழுமையாகப் பெறவில்லை என்று பொருள்.

அரைமணிப் பயணத்தில் வேலைக்குப் போய்த் திரும்பும் ஒரு தாய்க்கும், மூன்று மணி நேரம் பேருந்தில் கழிக்கும் ஒரு தாய்க்கும் வாழ்க்கையே வேறு. ஆகவே பழைய பேட்டைகளில் வீடு கூடத்தான் வேண்டும். எப்படிக் கூட்டுவது என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

நெருக்கம் நமக்குப் புதிதில்லை

மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியிருந்த பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் ஒரே சுவர். தெருவை ஒட்டித் திண்ணை, உள்ளே ரேழி, கூடம், நடுவில் முற்றம், கடைசியில் கிணற்றோடு கொல்லை. மனை குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும். பக்கத்தில் ஓர் அங்குலம்கூட விடவில்லை. ஆனாலும் வீட்டுக்குள் வெளிச்சம் இருந்தது, வானத்தைப் பார்க்கும் முற்றம் வழியாக வந்தது. திறந்த இடத்தை நாலு பக்கமும் சிதறவிடாமல் முற்றத்திலும் கொல்லையிலும் சேர்த்து வைத்தார்கள். திருவல்லிக்கேணியும் ஜார்ஜ் டவுனும் இப்படிப் பிறந்தவைதான். இன்றைய விதிகளிலும் இத்தகைய பகுதிகளுக்குத் தொடர் கட்டடப் பகுதி என்று தனி வகை இருக்கிறது. அங்கே பக்க இடைவெளி விடாமல் சுவரோடு சுவர் கட்டலாம்.

தி.நகர் வேறு மாதிரி. 1920-இல் மதராஸ் நகரத் திட்டமிடல் சட்டம் வந்தது. அதையடுத்து, மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்து, தியாகராய நகரை வரைந்தார்கள். அங்கே கனவு பங்களா. மனையின் நடுவில் வீடு, நாலு பக்கமும் தோட்டம். இடைவெளி விதிகள் அந்தக் கனவுக்குப் பொருந்தியவை. மூன்று நான்கு கிரவுண்டில் ஒரு வீடு என்று இருந்தபோது பக்க இடைவெளியில் வேப்பமரம் நின்றது, மாட்டுக் கொட்டகைகூட இருந்தது.

பிறகு சொத்து பிள்ளைகளுக்குப் பிரிந்தது. மனை சிறுத்தது. ஒரு மாடி நாலு மாடியானது. கனவு போய்விட்டது, அதன் எலும்புக்கூடான பக்க இடைவெளி மட்டும் தங்கிவிட்டது. இன்று இரண்டு ஃபிளாட் கட்டடங்களுக்கு நடுவில் உள்ள சந்துக்குள் போய்ப் பாருங்கள். சம்ப் மூடி, மோட்டார், கழிவுநீர்க் குழாய், மீட்டர் பெட்டி, வரிசையாக ஏ.சி. பெட்டிகள். ஒரு வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு எதிரே இன்னொரு வீட்டுக் குளியலறை ஜன்னல். கீழ்த்தளங்களில் நடுப்பகலிலும் விளக்கு எரியும். மனையில் கால்வாசியை விட்டுக்கொடுத்தும் அங்கே யாருக்கும் வெளிச்சம் இல்லை, மரம் இல்லை, மறைவும் இல்லை.

ஒரே மனை, இரண்டு வடிவம்

கணக்குக்கு வருவோம். 40 அடி அகலம், 60 அடி நீளம் கொண்ட ஒரு கிரவுண்ட். எளிமைக்காக முன்னால் 10 அடி, பின்னால் 5 அடி, இரு பக்கமும் ஐந்தைந்து அடி விடுவதாக வைத்துக்கொள்வோம். கட்டடத்துக்கு மிஞ்சுவது 30 அடிக்கு 45 அடி, அதாவது 1,350 சதுர அடி. 4,800 சதுர அடிக்கு நான்கு மாடி போதும், கடைசி மாடி பாதிக்குமேல் கொஞ்சம். நமக்குப் பழகிய ஃபிளாட் இதுதான்.

இப்போது அதே 1,350 சதுர அடியைப் பக்கத்துச் சுவர்கள் வரை அகலமாக்கிப் பாருங்கள். 40 அடி அகலம் கிடைத்துவிட்டதால் நீளம் 34 அடிக்குள் அடங்கிவிடும். முன்னால் அதே 10 அடி. பின்னால் 5 அடி இருந்த இடத்தில் 16 அடி கிடைக்கிறது. பின்தெரு வீட்டுக்காரரும் இதே வடிவத்தில் கட்டினால் நடுவில் 32 அடி வெட்டவெளி. முன்பு அங்கே 10 அடிதான். கட்டியது ஒரு சதுர அடிகூடக் குறையவில்லை, மாடியும் கூடவில்லை.

அந்த 32 அடியில் மாமரம் நிற்கும். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும். வீட்டின் முன்னறைக்குத் தெரு வெளிச்சம், பின்னறைக்குத் தோட்ட வெளிச்சம். முன் ஜன்னலிலிருந்து பின் ஜன்னலுக்கு மாலைக் கடல்காற்று குறுக்கே ஓடும். 34 அடி ஆழத்தில் எந்த மூலையிலிருந்தும் ஒரு ஜன்னல் 17 அடிக்குள் இருக்கும். நடுவில் சின்ன முற்றம் ஒன்று விட்டால் குளியலறைகளுக்கும் வெளிச்சமும் காற்றும் கிடைத்துவிடும்.

இதற்கு எதிராக எழும் கேள்விகளும் நியாயமானவை. முதலாவது தீ. சுவரோடு சுவராக இருந்தால் தீ பரவாதா? பொதுச் சுவரைத் தீ தாங்கும் கனத்தில், ஜன்னலோ துவாரமோ இல்லாமல் கட்ட வேண்டும். தீயணைப்பு வண்டி ஐந்தடிச் சந்துக்குள் எப்படியும் நுழையாது, தெருவிலிருந்துதான் வேலை செய்யும். ஆனால் பின்புறத்துக்கு ஆள் போக ஒரு வழி வேண்டும், அதைக் கீழ்த்தளத்தில் விட்டாக வேண்டும்.

இரண்டாவது, அக்கம்பக்கம். பக்கத்து வீட்டில் ஏற்கெனவே ஜன்னல் இருக்கும்போது நான் மட்டும் எல்லைவரை கட்டினால் அவர் வீடு இருண்டுபோகும். அஸ்திவாரம் தோண்டும்போது பழைய சுவர் விரிசல் விடும். ஆகவே இதை ஒற்றை மனையில் ஒருவர் மட்டும் செய்ய விடக்கூடாது. இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து சம்மதித்தால், அல்லது ஒரு தெரு முழுக்க ஒரே முடிவு எடுத்தால், அந்த வரிசைக்கு மட்டும் இந்த வடிவத்தை அனுமதிக்கலாம். தொடர் கட்டடப் பகுதி என்ற வகை விதியில் ஏற்கெனவே இருப்பதால் அதை விரிப்பதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, துணிவும் கவனமும் போதும்.

தெருவைப் பார்க்கும் முகம்

ஒரு கட்டடத்தில் தெருவில் நடப்பவர் கண்ணில் படுவது முதல் பத்தடி உயரம்தான். ஐந்தாம் மாடி எப்படி இருக்கிறது என்று அண்ணாந்து பார்ப்பவர் குறைவு. அந்தப் பத்தடியில்தான் நம் புதிய ஃபிளாட்கள் தோற்கின்றன.

பழைய வீட்டின் திண்ணையில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார். தபால்காரருக்கும் கீரைக்காரிக்கும் பள்ளிவிட்டு வரும் குழந்தைக்கும் அது நிழல். புதிய கட்டடத்தில் கீழ்த்தளம் முழுக்க வண்டி. வண்டி நிறுத்தும் இடம் கட்டாயம், தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் தளம் எஃப்.எஸ்.ஐ. கணக்கில் சேராது. ஆகவே எந்த பில்டரும் அதைத்தான் செய்வார். அவர்மேல் குற்றமில்லை, விதி அவரை அங்கே தள்ளுகிறது. ஒரு தெருவில் பத்து வீடு இப்படி மாறினால் உயர்ந்த மதிலும் இரும்பு கேட்டும் இருண்ட தூண்களும் மட்டுமே மிஞ்சும். இரவு எட்டு மணிக்கு அந்தத் தெருவில் ஒரு பெண் தனியாக நடக்கும்போது, வாசலில் ஒரு முகமாவது இருக்கிறதா என்பது சின்ன விஷயம் இல்லை.

இதற்கு மருந்து எளிது. முன்பக்கத்தில் வண்டி நுழையும் வழி போக மீதி அகலத்தில் தெருவைப் பார்த்த ஓர் அறையாவது இருக்கட்டும். காவலாளி அறை, தையல்கடை, டியூஷன் அறை, மாடியேற முடியாத பாட்டிக்கு ஒரு சிறு வீடு, எதுவானாலும் சரி. அந்த அறைக்கு எஃப்.எஸ்.ஐ.-யில் விலக்குக் கொடுத்தால் பில்டரே விரும்பிக் கட்டுவார். மதிலை இடுப்பளவு தாழ்த்தி, அதற்குமேல் கம்பி போட்டால் உள்ளிருந்து தெருவும் தெருவிலிருந்து உள்ளும் தெரியும். மெட்ரோவுக்கு நடக்கும் தூரத்தில் உள்ள மனைகளுக்குக் கட்டாய வண்டி இடத்தைக் குறைத்தால், கீழ்த்தளத்தில் பாதி மனிதருக்குத் திரும்பக் கிடைக்கும். 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்தபோது, நடக்க இடம் கொடுத்தால் மக்கள் நடப்பார்கள் என்று சென்னை பார்த்தது.

முன் இடைவெளி சாலை அகலத்துக்கு ஏற்ப மாறும். 9 மீட்டருக்கு உட்பட்ட தெருவில் 1.5 மீட்டர், 9 முதல் 18 மீட்டர் சாலையில் 3 மீட்டர் என்று விதி போகிறது. இந்த மூன்று மீட்டரைத்தான் சிமெண்ட் கல் பதித்து மூடிவிடுகிறோம். அந்த நிலத்தில் பாதியை மண்ணாகவே விட்டு ஒரு புங்கையோ பூவரசோ வைத்தால் ஐந்தாறு ஆண்டில் நடைபாதைக்கு நிழல்.

தண்ணீரின் கணக்கு

குடும்பம் இரண்டிலிருந்து எட்டானால் தண்ணீர்த் தேவையும் நான்கு மடங்கு, கழிவுநீரும் நான்கு மடங்கு. தெருவுக்கு அடியில் ஓடும் குழாய் பங்களா காலத்து அளவு. அதனால்தான் மழைக்காலத்தில் மேன்ஹோல் பொங்குகிறது, வெயில் காலத்தில் லாரி வருகிறது. புதிய கட்டடம் இரண்டு மூன்றடி உயர்ந்த தரையோடு வரும். சாலையும் போடும்போதெல்லாம் உயரும். கடைசியில் மழைநீர் எல்லாம் பக்கத்தில் தாழ்ந்து கிடக்கும் பழைய வீட்டுக் கூடத்துக்குள் போகும். அந்த வீட்டில் பெரும்பாலும் வயதானவர்கள்தான் இருப்பார்கள். 2021 நவம்பரில் தி.நகரில் தண்ணீர் தேங்கியபோது, ஏரி இருந்த இடம் என்பதை நிலம் மறக்கவில்லை என்று தெரிந்தது.

மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அது பெருமைக்குரிய சட்டம். ஆனால் மண் முழுக்க சிமெண்ட்டால் மூடிய மனையில் ஒரே ஒரு குழி போதாது, அதையும் ஆண்டுக்கொரு முறை தூர்வாராவிட்டால் அடைத்துக்கொள்ளும். பின்புறத்தில் 16 அடி மண் விடும் வடிவத்தில் இந்த வேலையின் பெரும்பகுதியை நிலமே செய்துவிடும்.

சிறிய மனைகள் சேர்ந்து செய்யும் பெரிய மாற்றம்

இன்னொரு நுட்பத்தைக் கவனியுங்கள். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டினால்தான் பத்து சதவீத நிலத்தைப் பூங்கா போன்ற பொது வெளிக்கு ஒதுக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட அளவு வரை அதற்கு ஈடான பணம் கட்ட வேண்டும். 3,000 சதுர மீட்டர் என்பது பதின்மூன்றரை கிரவுண்டுக்கு அருகில். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவுசெய்யும் கட்டாயமும் 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட மனைகளுக்கு இல்லை. ஒரு கிரவுண்ட் 223 சதுர மீட்டர்தான்.

நாற்பது வீடுள்ள ஒரு தெருவில் நாற்பதும் ஒன்றன்பின் ஒன்றாக ஃபிளாட் ஆனால் நூற்றைம்பது, இருநூறு குடும்பங்கள் வரும். அது ஒரு பெரிய குடியிருப்பு வளாகத்துக்குச் சமம். அதே அளவு வளாகத்தை ஒரே நிறுவனம் கட்டியிருந்தால் பூங்கா விட்டிருக்கும், அகலமான வழி விட்டிருக்கும். இங்கே தனித்தனியாகக் கட்டியதால் ஒருவரும் எதுவும் விட வேண்டியதில்லை. யாரும் விதியை மீறவில்லை. ஆனாலும் தெரு மூச்சு முட்டுகிறது. விதி ஒவ்வொரு மனையையும் தனியாகப் பார்க்கிறது. தெரு என்ற ஒன்றைப் பார்க்கும் கண் அதற்கு இன்னும் வரவில்லை.

கூட்டு ஒப்பந்தத்தில் கட்டும்போது நிலத்துக்காரர் பங்கு இத்தனை, பில்டர் பங்கு இத்தனை என்று பேசி முடிக்கிறோம். மூன்றாவதாக ஒரு பங்குதாரர் இருக்கிறார். குழாயையும் சாலையையும் காற்றையும் நிழலையும் கொடுப்பவர். கையெழுத்துப் போட அழைக்கப்படாதவர். அந்தத் தெருவுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது.

பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கட்டணத்துக்கு நியாயமே அதுதான். கூடுதல் மாடியால் கூடும் சுமையைத் தாங்க அந்தப் பகுதியின் அடிப்படை வசதிகளை மேம்படுத்த வேண்டும், அதற்கான பணம் இது. அப்படியானால் எந்தத் தெருவிலிருந்து எவ்வளவு வந்தது, அதே வட்டாரத்தில் எந்தக் குழாய்க்கும் நடைபாதைக்கும் போனது என்பதை வார்டுவாரியாக மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பக்கத்து வீட்டு ஐந்தாம் மாடியால் நம் தெருவுக்குப் புதுக் கழிவுநீர்க் குழாய் வந்தது என்று கண்ணால் பார்த்தால், அந்த மாடியின்மேல் இருக்கும் கசப்பு பெருமளவு குறையும்.

1915-இல் பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து நகரத் திட்ட அறிஞர் தன் நகரக் கண்காட்சியை மதராஸில் நடத்தினார். முதலில் அனுப்பிய காட்சிப் பொருள்கள் வந்த கப்பலை எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டதால் மறுபடி சேகரித்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. மதராஸ் மாகாண ஊர்களைச் சுற்றிப் பார்த்து அவர் எழுதிய அறிக்கைகளில், நெருக்கமான பகுதியில் அகலச் சாலை போட வரிசையாக வீடுகளை இடிப்பதை எதிர்த்தார். மிக மோசமான சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, கிடைக்கும் சின்ன வெளிகளில் மரம் வைத்து, மற்றதைச் செப்பனிட்டால் செலவும் குறையும், குடும்பங்களும் வெளியேற வேண்டாம் என்பது அவர் வழி. நூறு ஆண்டுக்கு முன் நம் தெருக்களைப் பார்த்துச் சொன்ன அந்த யோசனை இன்றைக்கும் பொருந்துகிறது. தெருவுக்கு ஒரு சின்ன மனையை மாநகராட்சி வாங்கி நிழற்பூங்கா ஆக்கினால்கூடப் பெரிய மாறுதல் வரும்.

மீறலும் மன்னிப்பும்

விதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மீறினால் மன்னிப்பு உண்டு என்று ஆகிவிட்டால் பயனில்லை. 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டிய விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்த நகர ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவு வந்தது. பிறகு 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு 113-சி. ஒவ்வொரு மன்னிப்பும், விதிப்படி கட்டியவருக்கு "நீ ஏமாந்தாய்" என்று சொல்கிறது. ரங்கநாதன் தெருவில் 2011-இல் கடைகளுக்குச் சீல் வைத்ததையும், 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஒரு துணிக்கடைக் கட்டடம் பற்றியெரிந்து, கடைசியில் இடிக்கப்பட்டதையும் ஊர் மறக்கவில்லை.

விதி எளிதாக இருந்தால் மீறலும் குறையும். 2024 ஜூலையில் அரசு கொண்டுவந்த சுயசான்று முறை அந்தத் திசையில் ஒரு நல்ல அடி. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டுபவர், அலுவலகத்துக்கு அலையாமல் இணையத்திலேயே அனுமதி பெறலாம். இதே எண்ணத்தைத் தெருக்களின் வடிவத்துக்கும் விரிக்கலாம். மயிலாப்பூருக்கு, அண்ணா நகருக்கு, பெசன்ட் நகருக்கு என்று அந்தந்தப் பேட்டையின் மனை அளவுக்குப் பொருந்தும் மாதிரி வரைபடங்கள் சிலவற்றை அரசே வெளியிடட்டும். அதன்படி கட்டுபவருக்கு உடனே அனுமதி கிடைக்கட்டும். நல்ல வடிவம் எளிதான வழியாகவும் இருந்தால் பெரும்பாலோர் அதைத்தான் எடுப்பார்கள்.

இப்போதே ஏன்

1980-களிலும் 90-களிலும் கட்டிய ஃபிளாட்களுக்கு வயதாகிவிட்டது. கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்கிறது, லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் முழங்கால் வலியோடு பலர் இருக்கிறார்கள். முன்பு ஒரே ஒரு வீட்டுக்காரர் மறுத்தாலும் மறுகட்டுமானம் நின்றுவிடும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். ஆகவே வரும் ஆண்டுகளில் பழைய பேட்டைகளில் இடிப்பதும் கட்டுவதும் வேகமெடுக்கும். சென்னைப் பெருநகரின் மூன்றாம் முழுமைத் திட்டமும் தயாராகி வருகிறது. இப்போது எழும் கட்டடம் இன்னும் ஐம்பது ஆண்டு நிற்கும். அதன் நிழலில் நம் பேரப்பிள்ளைகள் வளர்வார்கள்.

உங்கள் சங்கக் கூட்டத்தில் பில்டர் வந்து உட்காரும்போது வழக்கமாகக் கேட்பது, "எங்களுக்கு எத்தனை சதுர அடி கூடக் கிடைக்கும்?" கேளுங்கள், அது உங்கள் உரிமை. அதோடு இன்னும் சிலவற்றையும் கேளுங்கள். பக்கத்து மனைக்காரரோடு சேர்ந்து கட்ட முடியுமா? திறந்த இடத்தைப் பின்னால் சேர்த்து விட முடியுமா? மனையில் எத்தனை சதுர அடி மண்ணாக இருக்கும்? தெருவைப் பார்த்து ஓர் அறை உண்டா? மழைநீர் எந்தப் பக்கம் ஓடும், யார் வீட்டுக்குப் போகும்? இருக்கும் மரத்தைக் காப்பாற்ற வரைபடத்தைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா? இவற்றில் பலவற்றுக்குக் கூடுதல் செலவே இல்லை. பிளான் வரையும் மேசையில் கேட்டால் ஒரு கோட்டை மாற்றினால் போதும். கான்கிரீட் போட்டபின் கேட்டால் எதுவும் நடக்காது.

அதேபோல், எதிர்வீட்டில் ஃபிளாட் வருகிறது என்று கேள்விப்பட்டு மனுவோடு கிளம்புபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். "வேண்டாம்" என்று எழுதுவதற்குப் பதிலாக, "இப்படி வந்தால் வரவேற்போம்" என்று எழுதுங்கள். புதிதாக வரும் அந்தக் குடும்பங்களுக்கும் உங்கள் கோயில் குளமும் பள்ளிக்கூடமும் காய்கறிக் கடையும் வேண்டும். உங்களுக்கும் ஒருநாள் லிஃப்ட் உள்ள வீடு வேண்டும், பக்கத்திலேயே பிள்ளைகள் வேண்டும். இரண்டும் ஒரே தெருவில் கிடைக்கும், தெருவின் பங்கை முதலில் எடுத்து வைத்தால்.